வாஷிங்டன் தடை போட்டால் மணலியில் எண்ணெய் ஏன் நிற்கிறது?

அமெரிக்கா இன்ன நாட்டின் எண்ணெய்க்குத் தடை விதித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் ஒரு குழப்பம் வருகிறது. அந்த நாட்டிடம் எண்ணெய் வாங்கக் கூடாது என்று இந்தியா சட்டம் போடவில்லை. பல சமயம் ஐ.நா.வும் தடை சொல்லியிருக்காது. விற்பவர் தயார், வாங்குபவரும் தயார். அப்படி இருக்க, நம் நாட்டுப் பொதுத்துறை நிறுவனம் ஒன்று வட சென்னை மணலியில் வைத்திருக்கும் சுத்திகரிப்பு ஆலை எதற்காக வாங்குவதை நிறுத்த வேண்டும்?

இதற்குப் பதில் ராணுவத்தில் இல்லை. வங்கிக் கணக்கிலும், காப்பீட்டுப் பாலிசியிலும், கப்பல் வாடகை ஒப்பந்தத்திலும் இருக்கிறது. அந்த வழியைப் புரிந்துகொண்டால், ஒரு வல்லரசின் தலைமை தன் எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஏதாவது கடமைப்பட்டிருக்கிறதா என்ற பெரிய கேள்வியையும் தெளிவாகப் பார்க்கலாம். மணலியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. அமெரிக்கா–ஈரான் உறவு எப்படி ஆரம்பித்து எங்கே போய் முடிந்தது என்பது அந்த ஆலையின் பங்குப் பட்டியலிலேயே பதிந்திருக்கிறது.

மணலிக்கு வந்த மூன்று கூட்டாளிகள்

வட சென்னைப் பெரியவர்கள் இன்னமும் ‘எம்.ஆர்.எல்.’ என்றுதான் சொல்கிறார்கள். 1965 டிசம்பரில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் லிமிடெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் அது. இன்றைய பெயர் சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன். தொடக்கத்தில் இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோ எண்ணெய் நிறுவனத்துக்கு 13 சதவீதம், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13 சதவீதம் என்று பங்கு பிரிந்திருந்தது. 1969இல் ஆண்டுக்கு 25 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறனோடு ஆலை ஓட ஆரம்பித்தது. இன்று அந்தத் திறன் 105 லட்சம் டன்.

அமெரிக்கரும் ஈரானியரும் ஒரே ஆலையில் கூட்டு என்பது இன்று வியப்பாகத் தோன்றும். அன்று அது இயல்பு. 1953இல் ஈரானில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமர் மொசாடெக், எண்ணெய்த் தொழிலை நாட்டுடைமையாக்கியதற்குப் பிறகு, அமெரிக்க, பிரிட்டிஷ் உளவு அமைப்புகளின் உதவியோடு கவிழ்க்கப்பட்டார். மன்னர் ஷாவின் ஆட்சி பலப்பட்டது. அதற்குப் பின் அமோகோவும் ஈரான் நிறுவனமும் பாரசீக வளைகுடாவில் கூட்டாக எண்ணெய் எடுத்தன. அந்த எண்ணெய்க்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் வேண்டும், நமக்கு ஒரு சுத்திகரிப்பு ஆலை வேண்டும். மணலி ஆலை அப்படித்தான் வந்தது.

பக்கத்திலேயே இருக்கும் எம்.எஃப்.எல்., அதாவது மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், அதே காலத்தின் பிள்ளை. 1966இல் இந்திய அரசும் அமோகோவும் சேர்ந்து தொடங்கியது. ஈரான் நிறுவனம் பிறகு சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் நாட்டில் கடும் உணவுப் பஞ்சம். அமெரிக்காவிலிருந்து பி.எல். 480 என்ற உணவு உதவித் திட்டத்தில் வந்த கோதுமையை நம்பித்தான் ரேஷன் கடைகள் ஓடின. அதிபர் லிண்டன் ஜான்சன் அந்தக் கோதுமையை மொத்தமாக அனுப்பாமல், மாதா மாதம் தானே பார்த்து அனுமதி கொடுத்தார். விவசாயக் கொள்கையை மாற்ற வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. வியட்நாம் போரை இந்தியா விமர்சித்ததும் அவருக்கு உறுத்தியது. 1965 நவம்பரில் ரோம் நகரில் உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் அமெரிக்க வேளாண் அமைச்சர் ஃப்ரீமனோடு செய்துகொண்ட உடன்பாட்டில், உரத் தொழிலில் வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவு திறப்பதும் ஓர் அம்சம்.

அந்தக் கோதுமை உயிர்களைக் காப்பாற்றியது என்பதில் சந்தேகம் இல்லை. கொடுத்த கை கயிற்றையும் விடாமல் பிடித்திருந்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வல்லரசு என்பது என்னவென்று புரியும்.

1979இல் ஈரானில் புரட்சி வந்தது. ஷா ஓடினார். டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகத்தைச் சேர்ந்தவர்கள் 444 நாள் பிணையாக அடைக்கப்பட்டார்கள். இரண்டு நாடுகளும் அன்றிலிருந்து பகை. அமோகோ 1985இல் மணலிப் பங்கை இந்திய அரசிடம் விட்டுவிட்டுப் போனது. ஆலை இப்போது இந்தியன் ஆயிலின் துணை நிறுவனம். ஈரான் தரப்பின் பங்கு மட்டும் ஒரு துணை நிறுவனம் வழியாக, சுமார் 15 சதவீதமாகத் தொடர்ந்தது.

தடை என்றால் எந்தத் தடை?

செய்திகளில் எல்லாவற்றையும் ‘பொருளாதாரத் தடை’ என்று ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். பாதிக் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மூன்று வகை உண்டு.

1. ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் விதிக்கும் தடை. ஐ.நா. சாசனத்தின்படி எல்லா உறுப்பு நாடுகளையும் கட்டுப்படுத்தும். இந்தியாவும் மதித்தாக வேண்டும்.

2. ஒரு நாடு தன் குடிமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் போடும் தடை. ‘எங்கள் ஆட்கள் அங்கே வியாபாரம் செய்யக் கூடாது’ என்பது. இது அந்த நாட்டின் உரிமை. நிறவெறி ஆட்சி நடந்த தென்னாப்பிரிக்காவோடு வணிகத்தை 1946லேயே இந்தியா நிறுத்தியது இந்த வகைதான்.

3. இரண்டாம் நிலைத் தடை. ‘நீ யாராக இருந்தாலும் சரி, அந்த நாட்டோடு வியாபாரம் செய்தால் எங்கள் சந்தையிலும் எங்கள் வங்கிகளிலும் உனக்கு இடமில்லை’ என்று மூன்றாவது ஆளை மிரட்டுவது. மணலியை நிறுத்தியது இதுதான்.

மூன்றாவது வகைக்குச் சட்ட அடிப்படை பலவீனம். ஓர் அமெரிக்கச் சட்டம் மணலியில் செல்லாது. ஆனால் சட்டம் செல்லாத இடத்திலும் டாலர் செல்கிறது.

ஒரு கப்பல் எண்ணெய்க்கு எத்தனை பேர் தலையாட்ட வேண்டும்?

மணலிக்கான கச்சா எண்ணெய் சென்னைத் துறைமுகத்தின் பாரதி டாக்கில் இறங்குகிறது. அங்கிருந்து தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர் பக்கமாகச் சுமார் 17 கிலோமீட்டர் குழாயில் ஆலைக்குப் போகிறது. அந்தக் குழாயில் எண்ணெய் ஓடுவதற்கு முன் பல பேர் சம்மதிக்க வேண்டும்.

1. வங்கி. எண்ணெய் விலை டாலரில். இந்திய வங்கி ஒன்று டாலரில் பணம் அனுப்பினால், அது ஏதோ ஒரு கட்டத்தில் நியூயார்க்கில் உள்ள வங்கிக் கணக்கு வழியாகத்தான் தீர்வாகும். அந்த இடத்தில் அமெரிக்கச் சட்டம் பாயும். பிரான்சின் பி.என்.பி. பரிபாஸ் வங்கி சூடான், ஈரான், கியூபா தொடர்பான பணத்தைக் கையாண்டதற்காக 2014இல் அமெரிக்காவுக்குச் சுமார் 890 கோடி டாலர் அபராதம் கட்டியது. அந்தத் தொகையைப் பார்த்த எந்த வங்கியும் பிறகு துணியவில்லை. வங்கிகளுக்கு இடையே செய்தி போகும் ஸ்விஃப்ட் அமைப்பின் தலைமையகம் பெல்ஜியத்தில் இருக்கிறது. ஆனாலும் 2012இலும் 2018இலும் ஈரானிய வங்கிகளை அது துண்டித்தது.

2. கப்பல். டேங்கர் முதலாளி கிரேக்கராக இருக்கலாம், கொடி பனாமாவுடையதாக இருக்கலாம். அவருக்கும் டாலர் கணக்கு உண்டு. தடைப் பட்டியலில் கப்பலின் பெயர் ஏறினால் எந்தத் துறைமுகமும் சேர்க்கத் தயங்கும்.

3. காப்பீடு. இது வெளியே அதிகம் பேசப்படாத விஷயம், எனவே கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம். ஒரு டேங்கர் மோதினாலோ எண்ணெய் கொட்டினாலோ நஷ்ட ஈடு மிகப் பெரியது. எண்ணூர் மக்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதியபோது வாளியில் எண்ணெயை அள்ளிய கரை அது. அவ்வளவு பெரிய பொறுப்பை ஒரே காப்பீட்டு நிறுவனம் தாங்காது. அது தன் பங்கில் பெரும்பகுதியை வெளிநாட்டு நிறுவனங்களிடம் மறுகாப்பீடு செய்யும். அந்தச் சந்தை பெரும்பாலும் மேற்கத்திய நாடுகளில் இருக்கிறது. ஆலைக்கும் இதே கணக்குதான்.

2018இல் மணலியில் நடந்தது இதற்கு நேரடி உதாரணம். ஆலையின் ஆண்டுப் பாலிசி அக்டோபரில் புதுப்பிக்கப்பட வேண்டும். ஈரான் எண்ணெயைச் சுத்திகரிப்பதால் வரும் எந்தப் பொறுப்பையும் புதிய பாலிசி ஏற்காது என்று காப்பீட்டு நிறுவனம் முன்கூட்டியே சொல்லிவிட்டதாகவும், அதனால் அக்டோபரிலிருந்து ஈரான் எண்ணெயை நிறுத்த ஆலை முடிவு செய்ததாகவும் அந்த ஆகஸ்டிலேயே செய்தி வந்தது. எண்ணெய் மீதான அமெரிக்கத் தடை அமலுக்கு வந்ததோ நவம்பர் 5ஆம் தேதி. ஈரானியப் பங்குதாரர் உள்ள ஆலை, ஈரான் எண்ணெய்க்காகத் திட்டமிடப்பட்ட ஆலை, தடை வரும் முன்பே, டெல்லியிலிருந்து உத்தரவு எதுவும் இல்லாமலே, ஒரு பாலிசித் தாளின் காரணமாக வழிவிட வேண்டி வந்தது.

4. ‘விலக்கு’. தடை போட்ட நாடே சிலருக்குச் சில காலம் கொடுக்கும் அனுமதி. 2018 நவம்பரில் இந்தியா உள்பட எட்டு நாடுகளுக்கு 180 நாள் விலக்கு கிடைத்தது. 2019 மே 2ஆம் தேதியோடு அது முடிந்தது. இந்தியா ஈரானிடம் வாங்குவதை நிறுத்தியது.

சரி, டாலரைத் தவிர்த்து ரூபாயில் கொடுக்க முடியாதா? முயன்றார்கள். 2012இல் தொடங்கி ஈரான் எண்ணெய்க்கான தொகையில் 45 சதவீதம் ரூபாயாக யூகோ வங்கியில் செலுத்தப்பட்டது; அந்தப் பணத்தில் ஈரான் இங்கிருந்து அரிசி, தேயிலை, மருந்து வாங்கியது. பணம் கொடுக்கும் சிக்கல் ஓரளவு தீர்ந்தது. கப்பலும் காப்பீடும் தீரவில்லை. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி மூன்றும் சேர்ந்து 2019இல் ஈரானோடு டாலர் இல்லாமல் வணிகம் செய்ய இன்ஸ்டெக்ஸ் என்ற தனி வழியை உருவாக்கின. 2020 மார்ச்சில் மருந்துப் பொருளுக்காக முதல் பரிமாற்றம் நடந்தது. 2023இல் அந்த அமைப்பையே கலைத்துவிட்டார்கள். ஐரோப்பாவின் மூன்று பெரிய பொருளாதாரங்களுக்கே முடியாதது மணலி ஆலைக்கு எப்படி முடியும்?

2015இல் கொடுத்த வாக்கு

இங்கேதான் தலைமை என்ற விஷயம் வருகிறது. 2015 ஜூலை 14 அன்று வியன்னாவில் ஈரானும், அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா, சீனா, ஜெர்மனி ஆகிய ஆறு நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியத்தோடு சேர்ந்து ஈரானின் அணுத் திட்டம் குறித்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. யுரேனியத்தை 3.67 சதவீதத்துக்கு மேல் செறிவூட்டக் கூடாது, கையிருப்பு 300 கிலோவைத் தாண்டக் கூடாது, சர்வதேச அணுசக்தி முகமை தொடர்ந்து கண்காணிக்கும் என்பவை ஈரான் ஏற்ற நிபந்தனைகள். பதிலுக்குத் தடைகள் நீங்கும். ஐ.நா. பாதுகாப்பு கவுன்சில் 2231ஆம் தீர்மானத்தின் மூலம் ஒருமனதாக அதை அங்கீகரித்தது.

ஈரான் நிபந்தனைகளைக் கடைப்பிடிக்கிறது என்று முகமையின் அறிக்கைகள் தொடர்ந்து சொல்லிவந்தன. அப்படியிருந்தும் 2018 மே 8 அன்று அதிபர் டிரம்ப் அமெரிக்காவை வெளியே எடுத்தார். ஏவுகணைகளையும் ஈரானின் பிராந்தியத் தலையீட்டையும் உடன்பாடு தொடவில்லை, சில கட்டுப்பாடுகள் காலாவதியாகிவிடும் என்பவை அவர் தரப்பு வாதம். அந்த வாதத்தில் சாரம் இல்லாமல் இல்லை. ஆனால் இவை அனைத்தும் உடன்பாட்டுக்கு வரும்போதே தெரிந்தவை.

ஒரு நாடு கொடுத்த வாக்கை அடுத்த அதிபர் எப்படி முறிக்க முடிந்தது? அமெரிக்க அரசியலமைப்பின்படி முழு உடன்படிக்கைக்கு செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அதாவது நூறு பேரும் வாக்களித்தால் 67 பேர். அது கிடைக்காது என்று தெரிந்ததால் ஒபாமா அதை அரசியல் உடன்பாடாக மட்டும் வைத்தார். அதனால் அடுத்தவர் ஒரு கையெழுத்தில் விலகலாம். பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலும் இதே கதை: 2016இல் சேர்ந்து, 2020இல் விலகி, 2021இல் திரும்பி வந்து, 2025 ஜனவரியில் மறுபடி விலகும் உத்தரவு.

பின்விளைவு என்ன? ஈரான் 2019இலிருந்து படிப்படியாக வரம்புகளை மீறியது. 2021இல் அணு ஆயுதத் தரத்தை நெருங்கும் 60 சதவீதச் செறிவூட்டலைத் தொட்டது. 2025 ஜூன் 22 அன்று அமெரிக்கா ஃபோர்டோ, நடான்ஸ், இஸ்ஃபஹான் அணு நிலையங்களைக் குண்டுவீசித் தாக்கியது. செப்டம்பர் இறுதியில் ஐ.நா. தடைகளும் திரும்பி வந்தன. ஈரான் அரசை நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. சொந்த மக்களை அது நடத்திய விதம் கொடுமையானது. ஆனால் 3.67 சதவீதத்தில் சோதனையாளர்கள் கண்முன் நின்ற ஒன்றை, குண்டு போட்டு நிறுத்த வேண்டிய கட்டத்துக்குக் கொண்டுவந்ததில் 2018 மே முடிவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

‘தன் மக்களுக்குத்தானே அவர் பொறுப்பு?’

இது நியாயமான எதிர்க்கேள்வி. அமெரிக்க அதிபரை மணலியில் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. ராயபுரத்து வாக்காளருக்கு அவர் எதற்குப் பதில் சொல்ல வேண்டும்?

முதல் பதில், அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஐ.நா. சாசனத்தின் 24ஆவது பிரிவு உலக அமைதிக்கான முதன்மைப் பொறுப்பைப் பாதுகாப்பு கவுன்சிலிடம் கொடுக்கிறது. அதில் ஐந்து நாடுகளுக்கு நிரந்தர இருக்கையும் வீட்டோவும் உண்டு. வீட்டோ என்பது மற்ற பதினான்கு பேரும் சரி என்றாலும் ஒருவர் தடுத்துவிடும் அதிகாரம். அந்தச் சலுகை அந்தப் பொறுப்போடு சேர்த்துத்தான் தரப்பட்டது. நடைமுறையில் அது வேறுவிதமாகப் பயன்பட்டது. 1986 ஜூனில், நிகரகுவா அரசுக்கு எதிரான ஆயுதக் குழுக்களுக்கு உதவியது தொடர்பான வழக்கில் சர்வதேச நீதிமன்றம் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு சொன்னது. தீர்ப்பை மதிக்கச் சொல்லும் தீர்மானத்தை அதே அக்டோபரில் அமெரிக்கா வீட்டோ செய்தது. ரஷ்யாவும் 2022இல் உக்ரைன் மீது படையெடுத்த மறுநாள் தன்னைக் கண்டித்த தீர்மானத்தை அப்படியே தடுத்தது.

இரண்டாவது பதில் இன்னும் எளிது. டாலரை உலகமே பயன்படுத்துவதால் அமெரிக்காவுக்குப் பெரிய லாபம் இருக்கிறது. உலகம் அதன் கடன் பத்திரங்களை வாங்கிச் சேமிக்கிறது. ஊருக்கே பொதுவான கிணற்றின் சாவி ஒருவரிடம் இருந்தால், அவர் தன் வீட்டுச் சண்டைக்காகக் கிணற்றைப் பூட்டுவது சரியில்லை. அந்தச் சாவி யாரிடம் இருந்தாலும் இதுதான் நியாயம். நமக்கும் பொருந்தும். 2023 ஜூலையில் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தபோது, நம் அரிசியை நம்பியிருந்த ஆப்பிரிக்க நாடுகள் தவித்தன. அரிசியில் நாம் வல்லரசு. அங்கே நம் தலைமைக்கும் இதே கடமை உண்டு.

எதை வைத்து எடை போடுவது?

தடைகள் எல்லாமே தவறு என்று சொல்ல முடியாது. 1986இல் அமெரிக்க நாடாளுமன்றம் அதிபர் ரீகனின் மறுப்பையும் மீறி தென்னாப்பிரிக்கா மீது தடை கொண்டுவந்தது. நிறவெறி ஆட்சியை நெருக்கியவற்றுள் அதுவும் ஒன்று. அங்கே ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்களே தடையைக் கேட்டார்கள். அதனால் ஒவ்வொன்றையும் தனியாகப் பார்க்க வேண்டும். மூன்று கேள்விகள் போதும்.

1. வல்லரசு தான் முன்பு ஒப்புக்கொண்டதை மதிக்கிறதா? 2018இல் இல்லை.

2. மற்ற நாடுகளையும் நீதிமன்றத்தையும் கேட்கிறதா? 2018 அக்டோபர் 3 அன்று சர்வதேச நீதிமன்றம், மருந்து, உணவு, விமானப் பாதுகாப்புக்கான உதிரி பாகங்கள் ஆகியவை ஈரானுக்குப் போவதைத் தடுக்கக் கூடாது என்று அமெரிக்காவுக்கு இடைக்கால உத்தரவு போட்டது. அந்த வழக்குக்கு அடிப்படையாக இருந்த 1955ஆம் ஆண்டு நட்புறவு உடன்படிக்கையை ரத்து செய்வதாக அதே நாளில் அமெரிக்கா அறிவித்தது.

3. அடி யார் மேல் விழுகிறது? காகிதத்தில் மருந்துக்கும் உணவுக்கும் விலக்கு எப்போதும் உண்டு. ஆனால் அபராதத்துக்குப் பயந்த வங்கி, மருந்துக்கான பணத்தையும் அனுப்ப மறுக்கும். அதனால் தடை போட்ட அதிகாரி மனதில் நினைக்காத நோயாளியும் பாதிக்கப்படுகிறார். மணலிப் பக்கம் பார்த்தால், ஈரான் இந்திய ஆலைகளுக்கு 60 நாள் கடனும், சரக்குக் கட்டணத்திலும் காப்பீட்டிலும் சலுகையும் கொடுத்துவந்தது. வேறு இடத்தில் வாங்கினால் அந்தச் சலுகை போகும். கச்சா எண்ணெயின் கந்தக அளவும் அடர்த்தியும் மாறும்போது ஆலையின் உற்பத்திக் கணக்கே மாறும். எவ்வளவு டீசல், எவ்வளவு நாஃப்தா, எவ்வளவு தார் வரும் என்பது எல்லாமே. பக்கத்து பெட்ரோ ரசாயன ஆலைகள் அதே மணலியிலிருந்துதான் மூலப்பொருள் வாங்குகின்றன.

அதே கேள்விகள், ரஷ்ய எண்ணெயில்

2022 டிசம்பரில், உக்ரைன் போரைத் தொடர்ந்து, அமெரிக்கா உள்ளிட்ட ஏழு பணக்கார நாடுகளின் குழுவான ஜி-7 ரஷ்ய எண்ணெய்க்கு பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலை உச்சவரம்பு வைத்தது. அதற்குள் விற்றால் மேற்கத்திய கப்பலும் காப்பீடும் கிடைக்கும். ரஷ்யாவின் வருமானம் குறைய வேண்டும், ஆனால் எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உலகெங்கும் விலை ஏறிவிடும் என்பது அந்தத் திட்டத்தின் நோக்கம். இந்தியா வாங்குவதை அன்றைய அமெரிக்க அரசு வெளிப்படையாகவே ஏற்றது. ரஷ்யா நமக்கு முதலிடத்து விற்பனையாளராக ஆனது.

2025இல் ஆள் மாறியது, முடிவும் மாறியது. ஆகஸ்ட் 27 முதல், ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி இந்தியப் பொருட்கள் மீது கூடுதலாக 25 சதவீத வரி விதிக்கப்பட்டது. ஏற்கெனவே போட்ட 25 சதவீதத்தோடு சேர்த்து 50. அக்டோபர் 22 அன்று ரோஸ்நெஃப்ட், லுகோயில் என்ற இரண்டு பெரிய ரஷ்ய நிறுவனங்கள் தடைப் பட்டியலில் ஏறின. ரஷ்ய எண்ணெயை அதிகம் வாங்கிய நாடு சீனா. அதன் மீது இந்தக் காரணத்துக்காக இப்படி ஒரு வரி அப்போது விழவில்லை.

அந்த 50 சதவீதம் எண்ணெய் மீது விதிக்கப்பட்டதும் இல்லை. எண்ணெய் வாங்கிய ஆலைகள் அதைக் கட்டவும் இல்லை. அமெரிக்கச் சந்தைக்குப் போகும் தோல் பொருள், ஆயத்த ஆடை, இறால் ஆகியவை மீது அது விழுந்தது. பெரியமேட்டுத் தோல் வியாபாரியும், இறால் உரித்துக் கூலி வாங்கும் பெண்களும் ஒரு பீப்பாய் ரஷ்ய எண்ணெயும் வாங்கியவர்கள் இல்லை. ஆர்டர் ரத்தானபோது அவர்களிடம்தான் முதலில் வேலை குறைந்தது.